பழைய ரேஞ்ச் ரோவரும் பத்துப் பைசா ரப்பர் வளையமும்

(எபிசோட் உரை. வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.)

நான் இங்கிலாந்தில், கவென்ட்ரியில இருந்து பேசுறேன். சொந்த ஊர் கோயம்புத்தூர். வாரத்தில் அஞ்சு நாள் கம்ப்யூட்டர் முன்னால வேலை. சனி, ஞாயிறு வந்தா வீட்டு வாசல்ல நிக்கிற ஒரு பழைய ரேஞ்ச் ரோவரோட மல்லுக்கட்டு.

"பழைய சொகுசு எஸ்யூவி ரொம்பச் சல்லிசா வருதே, வாங்கலாமா? வீட்டிலேயே ரிப்பேர் பண்ணிக்க முடியுமா?" இந்தக் கேள்வி உங்ககிட்ட இருந்து பலமுறை வந்திருக்கு. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம். பதிலை முதல்லயே சொல்லிடுறேன்: முடியும். ஆனா ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடி, எங்க பழுதுன்னு கண்டுபிடிக்கக் கத்துக்கணும். அது தெரியாம பாகம் மாத்த ஆரம்பிச்சா பணம் தண்ணியா ஓடும்.

என்கிட்ட இருக்கிறது 1999 மாடல், 4 லிட்டர் பெட்ரோல் வி8. இந்தத் தலைமுறை ரேஞ்ச் ரோவருக்கு பி38 என்று பெயர். சோலிஹல் தொழிற்சாலையில் இதை உருவாக்கிய கட்டடத்தின் எண் 38ஏ. அந்த எண்ணே பெயராக நின்றுவிட்டது. 1994-இல் வந்தது, 2001-இல் நின்றது. அந்தத் தொழிற்சாலை எங்க வீட்டில் இருந்து காரில் அரை மணி நேரம்தான். இந்த வண்டி அறிமுகமான 1994-இல் கம்பெனி பி.எம்.டபிள்யூ கைக்குப் போனது. 2000-இல் ஃபோர்டு. 2008-இல் நம்ம டாடா.

இது ஏன் சல்லிசா கிடைக்குது? புதுசா இருந்தப்போ பணக்காரங்க வண்டி. இருபத்தைந்து வருஷத்தில் வண்டியோட விலை விழுந்துடுச்சு. ஆனா ரிப்பேர் செலவு விழலை. நான் 1,800 பவுண்டுக்கு வாங்கினேன். ஒரு நல்ல லேப்டாப் விலை. மூணு வாரத்தில் டாஷ்போர்டில் ஏர் சஸ்பென்ஷன் பழுது என்று எழுத்து வந்தது. அடுத்த நாள் காலையில் பார்த்தா வண்டி தரையோட ஒட்டி உட்கார்ந்திருந்தது.

பக்கத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் கேட்டேன். நாலு ஏர் ஸ்பிரிங், கம்ப்ரஸர், வால்வு பிளாக், எல்லாமே புதுசு போடணும், 2,400 பவுண்டு என்றார்கள். "வண்டி விலையைவிட ரிப்பேர் அதிகம், ஸ்கிராப்புக்குக் கொடுத்திடுங்க" என்று ஆலோசனை வேற. அந்த 2,400-ஐக் கொடுத்தா அந்த வருஷம் நானும் மனைவியும் குழந்தையும் ஊருக்குப் போக முடியாது. என் முன்னால இருந்த கணக்கு அதுதான். அதனால பார்ட்ஸ் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி, உண்மையிலேயே என்ன கெட்டுப்போயிருக்குன்னு பார்த்துடலாம்னு முடிவு பண்ணேன்.

முதல்ல இந்த அமைப்பு எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடுறேன். சாதாரண வண்டியில் சக்கரத்துக்கு மேல இரும்புச் சுருள் ஸ்பிரிங் இருக்கும். இதில் அதற்குப் பதிலாக நாலு ரப்பர் பைகள், உள்ளே அழுத்தப்பட்ட காற்று. இரண்டு டன்னுக்கு மேல எடை உள்ள வண்டி அந்தக் காற்றின் மேல் நிற்கிறது. காற்றைத் தயாரிக்க ஒரு சின்ன மின் கம்ப்ரஸர். சேர்த்து வைக்க ஒரு டேங்க். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்று திறந்து மூட ஒரு வால்வு பிளாக். ஒவ்வொரு மூலையிலும் உயரத்தை அளக்க ஒரு சென்சார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்ப்யூட்டர். டேங்கில் அழுத்தம் சுமார் 10 பார் வரை போகும். உங்க கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல. அப்போ எவ்வளவு அழுத்தம்னு பார்த்துக்கங்க.

அந்த வால்வு பிளாக்கின் ஒவ்வொரு குழாய் இணைப்பிலும், ஒவ்வொரு வால்விலும் சின்னச் சின்ன ஓ-ரிங் இருக்கு. ரப்பர் வளையம். வயசானா அது இறுகி, தட்டையாகி, காற்றை விட ஆரம்பிக்கும்.

அப்பா கோவையில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீடியோ கால்ல வண்டியைக் காட்டினேன். "இதென்ன கண்ணு, காத்துதான லீக்காகுது? மில்லுல நாங்க சோப்புத் தண்ணிதான் அடிப்போம். எங்க நுரை வருதோ அங்க ஓட்டை" என்றார். "இல்லைங்கப்பா, இதுல கம்ப்யூட்டர் இருக்கு" என்றேன். "கம்ப்யூட்டர் இருந்தா காத்து வேற மாதிரியா லீக்காகும்?" என்று கேட்டார். என்கிட்ட பதில் இல்லை.

ஆனா இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு சிக்கல் உண்டு. வண்டி நிறுத்தியிருக்கும்போதும் அது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்துக்கொள்ளும். எந்த மூலை தாழ்ந்திருக்கோ, அந்த மட்டத்துக்கு மத்த மூணு மூலையையும் காற்றை விட்டு இறக்கும். வண்டி சாயாமல் நிற்கணும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். விளைவு என்ன? ஒரே ஒரு பையில் ஓட்டை இருந்தாலும், காலையில் நாலு பக்கமும் தரையில் உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவங்க "நாலும் போச்சு" என்று சொல்லிடுவாங்க. நாலு பைக்கும் பில் போடுறது இப்படித்தான் ஆரம்பிக்குது.

இதற்கு வழி எளிது. சீட்டுக்கு அடியில் இருக்கிற டைமர் ரிலேவைக் கழற்றி வைத்துவிட்டால் கம்ப்யூட்டர் இரவில் விழிக்காது. லீக் ஆகிற மூலை மட்டும் தனியா இறங்கும். ராத்திரி சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து நாலு மூலையையும் அளந்து எழுதினேன். காலையில் மறுபடி அளந்தேன். பின் இடது 45 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. முன் வலது 12. மத்த இரண்டும் அசையவே இல்லை. மூணு ராத்திரி அளந்தேன், மூணு ராத்திரியும் அதே கதைதான்.

அப்புறம் அப்பா சொன்ன சோப்புத் தண்ணி. பாத்திரம் கழுவுற லிக்விட், தண்ணி, ஒரு ஸ்ப்ரே பாட்டில். பின் இடது பையில் ரப்பர் மடியுற இடத்தில் நுரை பொங்கியது. அங்க வெடிப்பு. முன் வலது பையில் நுரையே இல்லை. ஆனா பானட்டைத் திறந்து, அந்த மூலைக்குப் போகிற குழாய் வால்வு பிளாக்கில் சேருகிற இடத்தில் அடித்தால் சின்னச் சின்னக் குமிழி. அதாவது அந்தப் பை நல்லா இருக்கு. கெட்டது ஓ-ரிங்.

கம்ப்ரஸர் ஏன் கெட்டது? இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும். லீக் இருப்பதால் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடுகிறது. அடிக்கடி ஓடுவதால் சூடாகி, உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சீல் தேய்கிறது. சீல் தேய்ந்ததும் எவ்வளவு ஓடினாலும் அழுத்தம் ஏறுவதில்லை. கம்ப்யூட்டர் காத்திருந்து பார்த்துவிட்டு, பழுது என்று பூட்டிக்கொள்கிறது. இப்போ லீக்கைச் சரி பண்ணாம புதுக் கம்ப்ரஸர் மட்டும் போட்டா என்ன ஆகும்? அதுவும் அதே வழியில் தேயும். நிறைய பேர் இந்த வண்டியில் இரண்டாவது, மூணாவது கம்ப்ரஸர் போட்டுட்டு, "இது ராசியில்லாத வண்டி" என்று விற்கிறது இதனாலதான்.

சரி, இப்போ கையை வைக்கலாமா? அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த எபிசோடில் இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டாலும் போதும்.

ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு அடியில், அது காற்றில் நிற்கும்போது, தலையையோ கையையோ விடவே கூடாது. ஒரு வால்வு திறந்தால் போதும். வண்டி சத்தமில்லாமல் இறங்கும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கை இருந்தா கை போகும். அடியில் ஆள் இருந்தா ஆள் போயிடுவார். ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும். வேலை செய்ய சேஸிக்குக் கீழே, எடை தாங்கும் ஸ்டாண்ட் வைக்கணும். கெட்டியான, சமமான தரையில் வைக்கணும்.

இரண்டாவது, ஹேண்ட்பிரேக். பி38-இல் ஹேண்ட்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுழலும் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றைத் தரையில் இருந்து தூக்கிவிட்டால், டிஃபரென்ஷியல் வழியா அது சும்மா சுத்தும். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும். அதனால தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வைக்காம ஜாக்கியைத் தொடாதீங்க. மூணாவது, 10 பார் அழுத்தத்தில் இருக்கும் குழாயை அப்படியே கழட்டாதீங்க. காற்றை முழுசா வெளியேத்தின பிறகுதான். கண்ணாடி போட்டுக்கங்க. வீட்டில் ஒருத்தர்கிட்ட "நான் வண்டிக்கு அடியில் இருக்கேன்" என்று சொல்லிட்டுப் போங்க.

இனி வேலை. வால்வு பிளாக்கைக் கழற்றும் முன் ஒவ்வொரு குழாயிலும் டேப் ஒட்டி எண் எழுதினேன், போட்டோவும் எடுத்தேன். அந்தக் குழாய்கள் இழுத்தால் வராது. சுற்றியிருக்கும் சின்ன வளையத்தை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு குழாயை இழுக்கணும். பழைய ஓ-ரிங்கை எடுக்க இரும்புக் கம்பி வேண்டாம், உள்ளே கீறல் விழும். பல் குத்துற மரக்குச்சி போதும். திரும்பப் போடும்போது ஒவ்வொரு குழாயின் நுனியையும் சில மில்லிமீட்டர் நேராக வெட்டிவிட்டுப் போடணும். பழைய நுனியில் தழும்பு இருக்கும், புது ஓ-ரிங் அதில் ஒட்டாது.

கம்ப்ரஸருக்குச் சீல் மட்டும் தனியா கிடைக்குது. பிரித்து, துடைத்து, புது சீலைப் போட ஒரு மணி நேரம். பின் பைகளை ஜோடியா மாத்தினேன். ஒரே ஆக்ஸிலில் ஒன்று புதுசு, ஒன்று பழசு என்று இருக்கக் கூடாது. புதுப் பை காலியா இருக்கும்போது வண்டியின் எடையை அது மேல் இறக்கக் கூடாது. ரப்பர் தப்பா மடிந்து கிழியும். கொஞ்சம் காற்று ஏற்றி, பை சரியா உருண்டு உட்கார்ந்த பிறகு மெதுவா இறக்கணும். கடைசியா லேப்டாப், ஒரு கேபிள், இணையத்தில் ஆர்வலர்கள் இலவசமா கொடுக்கிற ஒரு மென்பொருள். இதை வைத்துக் கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பழுதை அழித்தேன். கம்ப்ரஸர் ஓடியது. வண்டி முதலில் பின்னால், அப்புறம் முன்னால், மெதுவா எழுந்து நின்றது.

மொத்தச் செலவு, கேபிளையும் சேர்த்து, 220 பவுண்டு. மூணு வார இறுதி. ஓ-ரிங்குகளின் பங்கு அதில் 25 பவுண்டு. அதுவும் முழு செட். உண்மையில் காற்றை விட்ட வளையத்தின் விலை நம்ம ஊர்க் கணக்கில் பத்துப் பைசா. அந்த டிசம்பரில் ஊருக்கும் போனோம்.

இந்த இடத்தில் சிலர் கேட்பாங்க: "இந்தக் காற்றுத் தொல்லையே வேணாம், இரும்பு ஸ்பிரிங் போட்டுடலாமே?" போடலாம், அதற்கு செட் கிடைக்குது, நிறைய பேர் போட்டிருக்காங்க. ஆனா உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி போயிடும். மேடுபள்ளத்தில் தூக்கிக்கொள்ளவும், ஏறி இறங்கும்போது தாழ்ந்துகொள்ளவும்தான் இந்த வண்டியில் அதை வைத்தார்கள். எனக்கு அது வேணும், அதனால் வெச்சிருக்கேன். உங்க முடிவு வேறயா இருக்கலாம்.

சஸ்பென்ஷன் கெட்டா வண்டி உட்காரும், அவ்வளவுதான். வண்டியைக் கொல்றது இன்ஜின் சூடு. இந்த வி8 இன்ஜினின் பூர்வீகம் அமெரிக்கா. பியூக் கம்பெனிக்காக வந்த அலுமினிய இன்ஜின். 1965-இல் ரோவர் அதன் உரிமையை வாங்கியது. பிளாக் அலுமினியம், உள்ளே பிஸ்டன் ஓடும் லைனர்கள் இரும்பு. இரண்டும் சூட்டில் ஒரே அளவு விரியாது. ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் லைனர் நகரலாம், அதன் பின்னால் பிளாக் வெடிக்கலாம், ஹெட் கேஸ்கெட் போகலாம். அதுக்கப்புறம் இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணும்.

அங்கேயும் ஆரம்பம் ஒரு ஓ-ரிங்தான். டாஷ்போர்டுக்கு உள்ளே ஹீட்டருக்குப் போகும் கூலன்ட் குழாய்கள் சேருகிற இடத்தில் இரண்டு ஓ-ரிங் இருக்கு. அது கசிந்தால் முன்சீட்டில் கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட் நனையும், உள்ளே இனிப்பான வாசனை வரும், கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம் படியும். மழைத்தண்ணி என்று விட்டுடுவாங்க. கூலன்ட் குறைந்துகொண்டே போகும். ஒருநாள் டிராஃபிக்கில் கொதிக்கும்.

அதனால வாரத்துக்கு ஒருமுறை, இன்ஜின் முழுசா ஆறின பிறகு, கூலன்ட் மட்டத்தைப் பாருங்க. சூடா இருக்கும்போது மூடியைத் திறக்காதீங்க, முகத்தில் பீறிடும். மட்டம் குறையுது, வெளியே எங்கேயும் கசிவு இல்லை என்றால், ஒரு சோதனை உண்டு. கூலன்ட் டேங்க் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதில் நீல நிறத் திரவம் ஊற்றணும். இன்ஜின் எரிவாயு கூலன்ட்டில் கலந்திருந்தா நீலம் மஞ்சளாகும். கேஸ்கெட்டோ பிளாக்கோ போயிருக்குன்னு அர்த்தம். இந்தச் சோதனைக்கான செட் விலை அதிகம் இல்லை. பழைய வி8 வாங்கப் போறவங்க இதைக் கையோட கொண்டு போகணும் என்று நான் சொல்லுவேன். விற்கிறவர் சோதிக்க விடலைன்னா, திரும்பி வந்துடுங்க.

வீட்டில் நான் தொடாத வேலைகளும் இருக்கு. பிரேக்கின் பிரஷர் பம்ப் பக்கம் போறதில்லை. இதில் பிரேக் பூஸ்டரே மின் பம்ப்பில், மிக அதிக அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஏர்பேக் வயரிங் தொடுறதில்லை. சேஸியில் துரு பிடித்து வெல்டிங் தேவைப்பட்டால் அதுக்கான ஆளிடம் போவேன். பணம் கொடுக்க வேண்டிய இடம் அதுதான். பழைய ஆயிலையும் கூலன்ட்டையும் சாக்கடையில் ஊத்தாம, நகராட்சி மறுசுழற்சி மையத்தில் கொண்டுபோய்க் கொடுங்க.

வாங்கலாமா என்ற கேள்விக்கு வரேன். இதுதான் உங்க ஒரே வண்டி, திங்கட்கிழமை காலையில் இதில்தான் வேலைக்குப் போகணும் என்றால் வேண்டாம். லிட்டருக்கு 5, 6 கிலோமீட்டர்தான் கொடுக்கும். பர்மிங்ஹாம் நகர மையத்துக்குள் நுழைந்தா, 2021 ஜூன் முதல் இந்த மாதிரிப் பழைய வண்டிக்கு ஒரு நாளைக்கு 8 பவுண்டு கட்டணம். நான் வேலைக்கு பஸ்ஸில் போறேன்.

பிரிட்டனில் இருக்கிறவங்களுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. எம்.ஓ.டி என்கிற வருடாந்திரச் சோதனை, நம்ம ஊர் எஃப்.சி மாதிரி. நம்பர் பிளேட்டை வைத்து எந்த வண்டியின் எம்.ஓ.டி வரலாற்றையும் அரசு இணையதளத்தில் இலவசமா பார்க்கலாம். எந்த வருஷம் எதில் ஃபெயில் ஆச்சு, எதற்கு எச்சரிக்கை கொடுத்தாங்க, எல்லாம் இருக்கும். துரு என்று மூணு வருஷம் தொடர்ந்து எழுதியிருந்தா, வண்டி எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் விட்டுடுங்க.

சென்னை, கோவை, மதுரையில் இருந்து கேக்குறவங்களுக்கு: உங்களுக்குத் தெருமுனையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருப்பார். எனக்கு இங்கே அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனா அவர்கிட்ட வண்டியை விட்டுட்டு, "என்னன்னு பாருங்கண்ணா" என்று சாவியைக் கொடுத்துட்டு வராதீங்க. எந்தச் சக்கரம், எத்தனை நாளா, சூடா இருக்கும்போதா ஆறின பிறகா, எவ்வளவு குறைஞ்சது என்று அளந்து எழுதிக்கொண்டு போங்க. நல்ல மெக்கானிக் அதைப் பார்த்து சந்தோஷப்படுவார். அதைப் பார்த்து எரிச்சல்படுறவர்கிட்ட வண்டியை விட வேண்டாம்.

உங்ககிட்ட ஏற்கெனவே இப்படி ஒரு பழைய வண்டி இருந்தா, இந்த வாரம் எதையும் கழட்டாதீங்க. ஒரு நோட்டு எடுங்க. நாலு மூலை உயரம், கூலன்ட் மட்டம், ஆயில் மட்டம், பேட்டரி வோல்டேஜ். ஏழு நாள் எழுதுங்க. எட்டாவது நாள் அந்தப் பக்கத்தை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தா, எந்தப் பாகத்தை ஆர்டர் பண்ணணும்னு பாதிக்கு மேல தெரிஞ்சிருக்கும்.

அடுத்த எபிசோடில் பேட்டரி. நிறுத்தி வெச்ச வண்டியில் ரெண்டு, மூணு நாளில் பேட்டரி எப்படிக் காலியாகுது, அதை ஒரு மல்டிமீட்டரை வெச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பார்ப்போம். உங்க வண்டியோட ஏழு நாள் கணக்கை எழுதி அனுப்புங்க. அதில் இரண்டு, மூணை எடுத்துப் பேசலாம். வரேன், வணக்கம்.